தொலைநிலைக் கல்வியில் சட்டம்: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

இந்தியாவில் அஞ்சல்வழியிலோ இணையவழியிலோ சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. இந்த ஒரு செய்தி தெரியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்தவர்கள் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பை விட்டவர்கள், அரசு அலுவலகத்திலோ தனியார் நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர்கள், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுத் தமக்கென ஒரு படிப்பைத் தேடும் பெண்கள் ஆகியோரே தொலைநிலைக் கல்வியை நாடி வருகிறார்கள். அவர்களுக்கு இக்கல்வி பயன்படாது என்று சொல்வது என் நோக்கமன்று. சரியான இடத்தில் பயன்படுத்தினால் அது சட்ட அறிவைத் தருகிறது, சில தொழில்களுக்கு வழி காட்டுகிறது, பின்னாளில் வழக்கறிஞர் ஆவதற்கும்கூட முதற்படியாக அமைகிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தால் எது கிடைக்கும் என்பதையும், சேர்ந்த பிறகு ஆசிரியரின் நேரடித் துணை இல்லாத நிலையில் சட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

விதிகள் சொல்வது என்ன

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் மட்டுமே நீதிமன்றத்தில் தொழில் செய்யலாம். அதன் 29, 33 ஆகிய பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உரிமையின்றித் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க 45ஆவது பிரிவு இடமளிக்கிறது. பதிவு பெறுவதற்கான தகுதிகளை 24ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட சட்டப் பட்டம் அவற்றுள் முதன்மையானது.

அந்தப் பட்டம் எப்படிப் பெறப்பட வேண்டும் என்பதை பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் காணலாம். பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி., பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என இரண்டு வழிகளே உள்ளன. இரண்டும் நேரடி வகுப்புகளாக நடத்தப்பட வேண்டியவை. முழு விடுதி வசதி இல்லாத கல்லூரிகளில் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் வகுப்புகள் நடக்க வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரமாவது கல்லூரி இயங்க வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுதலாம் என்றெல்லாம் அவ்விதிகள் கூறுகின்றன. வருகைக் குறைவுக்காக மாணவரைத் தேர்விலிருந்து நிறுத்துவது சரியா என்பது நீதிமன்றங்களில் விவாதத்துக்கு உள்ளாகிவரும் கேள்விதான். ஆயினும், கல்லூரிக்கே போகாமல் பட்டம் பெறலாம் என்று எந்த நீதிமன்றமும் சொன்னதாக யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவும், தொலைநிலையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், பொறியியல், செவிலியம் ஆகியவற்றோடு சட்டத்தையும் சேர்த்திருக்கிறது. எல்.எல்.எம். எனப்படும் முதுநிலைச் சட்டப் படிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தன் ஒப்புதல் இல்லாமல் இணையவழியிலும் கலப்பு முறையிலும் நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளை ஏற்க முடியாது என்று பார் கவுன்சில் 2025இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

இங்கே இரண்டு வகையான விளம்பரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பி.ஜி.எல். எனப்படும் பொதுச் சட்டப் பட்டம். சட்டப் பாடங்களைப் படிக்கவைக்கும் படிப்பு என்ற அளவில் அதில் குறையில்லை. அலுவலகப் பணிக்குச் சட்ட அறிவு தேவைப்பட்டவர்கள் பலர் அதைப் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்பதைச் சேர்க்கை முகவர்கள் சொல்வதில்லை. இரண்டாவது, இதைவிடத் தீங்கானது. வேறு மாநிலத்தில் உள்ள ஒரு கல்லூரியில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் பட்டம் கைக்கு வரும் என்று ஆசை காட்டுகிறார்கள். காகிதத்தில் அது நேரடிப் படிப்பு. நடப்பில் அது பொய்யான வருகைப் பதிவேடு. மாணவர் வேறு படிப்பையோ வேலையையோ ஒரே நேரத்தில் மேற்கொண்டாரா, வருகை விதியை நிறைவு செய்தாரா என்பதற்கு உறுதிமொழி பெற வேண்டும் என்று பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் சட்டக் கல்வி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. படித்த காலத்தில் இன்னோர் ஊரில் முழுநேர ஊதியம் பெற்றவர், அதே காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நாள்தோறும் வகுப்பில் இருந்ததாகக் கையெழுத்திட்டால், அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடுகிறது. சட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் அதன் வாசலிலேயே பொய் சொல்லி நுழைவதை என்னால் எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியாது.

எல்லா நாடுகளிலும் நிலைமை இப்படி இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிநிலை மாணவர்களைத் தேர்வு எழுத அனுமதித்துவருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆண்டுக்கு 864 மணி நேரம் வீதம் நான்கு ஆண்டுகள் அஞ்சல்வழியில் படித்து, முதலாண்டுத் தேர்விலும் வென்றவர் வழக்கறிஞர் தேர்வை எழுதலாம். இலங்கையில் திறந்த பல்கலைக்கழகமே சட்டப் பட்டம் வழங்குகிறது. நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைச் சிறையிலிருந்தபடியே படித்து 1989இல் பெற்றார். அந்தந்த நாட்டில் தொழில் செய்ய நினைப்பவருக்கு அந்தந்த நாட்டின் விதி உதவும். தமிழ்நாட்டில் கருப்பு அங்கி அணிய நினைப்பவர் இந்திய விதிகளையே பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், தொலைநிலையில் ஒரு கலை அல்லது வணிகவியல் பட்டம் பெற்று, அதன் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி.யில் நேரடியாகச் சேரலாம். தொலைநிலையில் பெற்ற பட்டத்தையும் தகுதியாகக் கொள்ளலாம் என்று 2008ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாவது விதியே சொல்கிறது. ஆகவே, கல்லூரிக்குப் போக முடியாத ஆண்டுகளில் பட்டப் படிப்பைத் தொலைநிலையில் முடித்துக்கொண்டு, சூழ்நிலை அமையும்போது மூன்று ஆண்டுகளை மட்டும் நேரடி வகுப்புக்கு ஒதுக்குவது முறையான, நேர்மையான வழி. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்புக்கான சேர்க்கை அறிவிப்பைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பில் எடுத்த மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 விழுக்காடும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் வேண்டும் என்பது பார் கவுன்சில் வகுத்த எல்லை. அரசுச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்க இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும் என்பதால், தொலைநிலைப் பட்டம்தானே என்று ஏனோதானோவென்று எழுதித் தேறுவது பின்னாளில் வருத்தம் தரும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவர்கள் பலர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை குலையக் கூடாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சில காலம், வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு நேரடியாகப் பட்டப் படிப்பிலோ முதுகலையிலோ சேர்க்கும் வழக்கம் இருந்தது. அடிப்படைத் தகுதி இல்லாமல் இப்படி நேரடியாகப் பெற்ற பட்டம் சட்டப் படிப்பில் சேர உதவாது என்று அதே ஐந்தாவது விதியின் விளக்கம் கூறுகிறது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடித்துவிட்டு, அதன் பிறகே பட்டப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு கூடுதலாகிறதே என்று தயங்க வேண்டாம். அந்த இரண்டு ஆண்டைச் சேமிக்கப்போய் மொத்தப் படிப்பையும் இழந்தவர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது.

தொலைநிலைப் பட்டத்தில் சேரும்போது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்பை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று அப்பிரிவின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருப்பது போதாது. ஒப்புதல் ஆண்டுக்கும் படிப்புக்கும் உரியது. 2024 முதல் தொலைநிலை மாணவர் ஒவ்வொருவரும் தாமே அந்தத் தளத்தில் பதிவு செய்து ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. இது மாணவருக்குக் கிடைத்த நல்ல பாதுகாப்பு. அந்த எண்ணைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு படிப்பு மையம் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்.எல்.பி. முடித்த பிறகு மாநில பார் கவுன்சிலில் பதிவு, அதன் பின் 2011 முதல் நடந்துவரும் அகில இந்திய பார் தேர்வு ஆகியவை உண்டு. முழுநேர ஊதிய வேலையில் இருப்பவர் அந்த வேலையைத் தொடர்ந்துகொண்டே வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலைக்கும் அறிவுக்கும் உரிய பட்டயங்கள்

வழக்காடுவது நோக்கமில்லை, தம் வேலைக்குச் சட்டம் தெரிய வேண்டும் என்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி உண்மையாகவே நல்ல இடம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் இக்னோ என்று அழைப்பது, சட்டத் துணைப்பணி பட்டயம், அறிவுசார் சொத்துரிமை முதுநிலைப் பட்டயம், குற்றவியல் நீதி முதுநிலைப் பட்டயம், இணையச் சட்டச் சான்றிதழ், நுகர்வோர் பாதுகாப்புச் சான்றிதழ், மனித உரிமைச் சான்றிதழ் போன்றவற்றை நடத்திவருகிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கும். எந்தப் பருவத்தில் எந்தப் படிப்பு திறந்திருக்கிறது என்பதை அப்போதைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உள்ளன. பெங்களூருவில் உள்ள தேசியச் சட்டப் பள்ளி, வணிகச் சட்டத்தில் ஒரு முதுநிலைப் படிப்பையும், மருத்துவச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், குழந்தைகள் உரிமை, நுகர்வோர் சட்டம் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டயங்களையும் தொலைநிலைக் கல்வியாக நடத்திவந்திருக்கிறது. ஐதராபாத்தின் நல்சார் பல்கலைக்கழகமும் காப்புரிமை, ஊடகச் சட்டம் போன்ற துறைகளில் பட்டயங்கள் தருகிறது. இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடப்பவை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் கருத்து எளியது: உங்கள் மேசைக்கு நாள்தோறும் வரும் தாள் எந்தச் சட்டத்தைச் சேர்ந்ததோ, அதையே படியுங்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவருக்கு மருத்துவச் சட்டமும், மென்பொருள் நிறுவனத்தில் ஒப்பந்தங்களைப் பார்ப்பவருக்கு அறிவுசார் சொத்துரிமையும், குழந்தைகள் நலத் துறையில் பணியாற்றுபவருக்குக் குழந்தைகள் உரிமையும் படித்த மறுநாளே கைகொடுக்கும். பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேர்ந்த பட்டயங்கள் பாதியில் நிற்பதே வழக்கம்.

ஏற்கெனவே எல்.எல்.பி. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. சட்டப் படிப்போடு வேறு நேரடிப் படிப்பில் சேரக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு விதிகளின் ஆறாவது விதி தடுக்கிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் நடத்தும் படிப்புக்கு அந்த விதியே விலக்கு அளிக்கிறது. மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவர் தமக்கு விருப்பமான துறையில் ஒரு பட்டயத்தைச் சேர்த்துப் படிப்பதற்கு இது நல்ல வாய்ப்பு.

எல்.எல்.பி. இல்லாமலே சட்டத்தோடு நெருங்கிய சில தொழில்கள் இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அவற்றுள் சிறந்தது கம்பெனிச் செயலர் படிப்பு. இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் நடத்தும் இப்படிப்பு இயல்பிலேயே வீட்டிலிருந்து படிப்பதற்கு ஏற்றது. நுழைவுத் தேர்வு, எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் என்ற நிலைகளைக் கடந்து, செய்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பாடங்களில் பெரும்பகுதி சட்டமே. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 432ஆவது பிரிவின்படி, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக முன்னிலையாகும் உரிமையைக் கம்பெனிச் செயலருக்கும் வழங்கியிருக்கிறது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டதாரிகள் 21 வயது நிறைந்திருந்தால் காப்புரிமை முகவர் தேர்வை எழுதலாம். எந்தப் பட்டதாரியும் வணிகக் குறி முகவர் தேர்வை எழுதலாம். இவ்விரண்டுக்கும் மேலே சொன்ன அறிவுசார் சொத்துரிமைப் பட்டயம் நல்ல அடித்தளம். ஊருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் உடையவர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்வதற்கு எந்தப் பட்டமும் கேட்கப்படுவதில்லை. அவர்களுக்கு ஆணைக்குழுவே பயிற்சி அளிக்கிறது.

தனியாக இருந்து சட்டம் படிப்பது எப்படி

பாடநூல் பொட்டலம் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கதை போல வாசிக்கத் தொடங்குவதே தொலைநிலை மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சட்டத்தில் பாடநூல் இரண்டாவது இடத்தில் இருக்க வேண்டியது. முதலிடம் மூலச் சட்டத்துக்கு உரியது. நாடாளுமன்றம் இயற்றிய வாசகத்தை அப்படியே படித்துப் பழகாதவர், பாடநூலாசிரியர் சொன்னதை மட்டுமே திருப்பிச் சொல்லும் நிலையில் நின்றுவிடுவார். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் எல்லா மத்தியச் சட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில வாசகத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் பொருளை உள்வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒரு பிரிவை எப்படிப் படிப்பது என்று திருட்டு பற்றிய பிரிவைக் கொண்டே பார்ப்போம். 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 378, 379. அந்தப் பிரிவின் நீண்ட வாக்கியத்தை ஒரு தாளில் உடைத்து எழுதுங்கள். நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும்; பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும்; அது இன்னொருவரின் வசத்தில் இருக்க வேண்டும்; அவருடைய இசைவு இல்லாமல் எடுக்கப்பட வேண்டும்; எடுப்பதற்காக அந்தப் பொருள் நகர்த்தப்பட வேண்டும். ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் திருட்டு இல்லை. அடுத்து, வாக்கியத்தில் உள்ள சொற்களுக்கு அதே சட்டம் தரும் வரையறையைத் தேடுங்கள். நேர்மையற்ற எண்ணம் என்பதற்கும் அசையும் பொருள் என்பதற்கும் இரண்டாவது பிரிவில் வரையறை இருக்கிறது. பிறகு பிரிவின் அடியில் உள்ள விளக்கங்களுக்கும் எடுத்துக்காட்டுகளுக்கும் வாருங்கள். ஒருவருடைய நிலத்தில் நிற்கும் மரம் மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை அசையும் பொருள் ஆகாது. அதை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வதற்காக வெட்டிச் சாய்த்த கணத்திலேயே திருட்டு முழுமை பெற்றுவிடுகிறது. வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றினானா என்று பார்க்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகளைத் தாண்டிச் செல்லும் மாணவர் இந்த நுட்பத்தை ஒருபோதும் அறியமாட்டார். அவற்றைச் சட்டம் இயற்றியவர்களே நமக்கு எழுதிவைத்த பாடமாகக் கொள்ள வேண்டும்.

பிரிவு தெளிந்த பிறகு, அதன் மேல் எழுந்த தீர்ப்பு ஒன்றை முழுதாகப் படியுங்கள். திருட்டுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது பியாரேலால் பார்கவா எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற, 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் உள்ள உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர், செயலகத்திலிருந்த ஒரு கோப்பை எழுத்தர் ஒருவர் மூலம் வரவழைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய நண்பர் அதிலிருந்த சில ஆவணங்களை அகற்றி வேறு ஆவணங்களை வைத்தார். மறுநாள் கோப்பு அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரே நாளில் திருப்பி வைத்ததைத் திருட்டு என்பதா என்பதே கேள்வி. பொருளை நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணம் தேவையில்லை, சிறிது நேரத்துக்கு எடுத்தாலும் போதும், இழப்பும் தற்காலிகமானதாக இருக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. கோப்பு அலுவலகத்தின் வசத்தில் இருந்ததே அன்றி அந்தக் கண்காணிப்பாளரின் சட்டப்படியான வசத்தில் இல்லை என்றும் சொன்னது. மேலே உடைத்து எழுதிய ஐந்து கூறுகளில் இரண்டு, நேர்மையற்ற எண்ணமும் வசமும், இந்த ஒரு வழக்கில் உயிர்பெற்று நிற்பதைக் காணலாம்.

தீர்ப்பைப் படிக்கும்போது நான்கு செய்திகளை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள்: நடந்தது என்ன, நீதிமன்றத்தின் முன் நின்ற சட்டக் கேள்வி எது, விடை என்ன, அந்த விடைக்குக் காரணம் என்ன. கடைசிக் கூறே முதன்மையானது. அதையே மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே உள்ளது. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. ஆகவே, சேர்வதற்கு முன்பே ஒரு பாடத்தைப் படித்துப் பார்த்து, இது நமக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்ய முடியும். கட்டணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யும்படி ஒவ்வொருவரையும் வற்புறுத்திச் சொல்வேன்.

குற்றவியல் பாடம் எடுப்பவர்கள் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் படித்தாக வேண்டிய காலம் இது. 2024 ஜூலை 1க்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அந்தக் குற்றங்கள் பற்றிய தீர்ப்புகள் பழைய எண்களிலேயே பேசுகின்றன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கியிருப்பதால் எண்கள் முற்றிலும் மாறிவிட்டன. கொலைக்குத் தண்டனை தரும் 302 இப்போது 103. ஏமாற்றுதலுக்கான 420 இப்போது 318இல் அடங்கிவிட்டது. எண் மாற்றத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. காவல் துறையிடம் கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆவது பிரிவாகத் தனித்து நின்றது. புதிய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 23ஆவது பிரிவின் வரம்புரையாக, அதாவது பிரிவோடு சேர்ந்து வரும் விதிவிலக்கு வாசகமாக, இடம் மாறியிருக்கிறது. வரம்புரைகளைப் படிக்காமல் தாண்டுபவர் இவ்வளவு பெரிய விதியையே தவறவிடுவார். பழைய பதிப்புப் பாடநூலை யாராவது இலவசமாகத் தந்தாலும், இந்த மாற்றங்களை ஓரத்தில் உங்கள் கையால் குறித்துக்கொண்டே பயன்படுத்துங்கள்.

வகுப்பறை இல்லாத குறையைப் போக்க நீதிமன்றம் இருக்கிறது. நம் நாட்டில் விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில் நடப்பவை. குறிப்பிட்ட சில வழக்குகளைத் தவிர மற்றவற்றில் பொதுமக்கள் அமைதியாக அமர்ந்து பார்க்கலாம். விடுப்பு கிடைக்கும் நாளில் உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று, சாட்சி விசாரணை நடக்கும் அறையில் பின்வரிசையில் அமருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். முதல் விசாரணையில் சாட்சி சொன்னதைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எப்படிச் சோதிக்கிறது, எந்தக் கேள்விக்கு ஆட்சேபம் எழுகிறது, நீதிபதி எதைப் பதிவு செய்யச் சொல்கிறார் என்பவற்றைக் கவனித்த ஒரு முற்பகல், சாட்சியச் சட்டத்தின் பல பக்கங்களுக்கு ஈடாகும். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாக ஒளிபரப்பாகின்றன. அரசமைப்புச் சட்டம் படிப்பவர்கள் அவற்றையும் பார்க்கலாம். ஆயினும் என் பரிந்துரை முதலில் மாவட்ட நீதிமன்றம்தான். சட்டம் சாதாரண மனிதரின் வாழ்வைத் தொடும் இடம் அதுவே.

ஒப்படைப்பும் தேர்வும்

இக்னோவில் பொதுவாக, வீட்டிலிருந்தே விடை எழுதிச் சமர்ப்பிக்கும் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் உண்டு. ஒப்படைப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டு, கடைகளில் விற்கும் விடைகளைப் பார்த்து எழுதுபவர்கள் தமக்குக் கிடைத்த ஒரே எழுத்துப் பயிற்சியை இழக்கிறார்கள். தொலைநிலை மாணவரின் எழுத்தை இன்னொருவர் படித்துத் திருத்துவது அந்த ஒரு வேளையில்தான். அதைச் சொந்தமாக எழுதி, படி எடுத்து வைத்துக்கொண்டு, சமர்ப்பித்ததற்கான ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மதிப்பெண் பதிவாகாமல் போவது அடிக்கடி நடப்பது. அப்போது பேசுவது அந்த ரசீது மட்டுமே.

சிக்கல் வினாவுக்கு விடை எழுதும்போது, முதலில் எழும் சட்டக் கேள்வியை ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு அதற்குரிய பிரிவையும் அதன் கூறுகளையும் எழுதுங்கள். அடுத்து, வினாவில் கொடுத்த நிகழ்ச்சியை ஒவ்வொரு கூறோடும் பொருத்திப் பாருங்கள். இங்கேதான் மதிப்பெண் இருக்கிறது. இறுதியில் முடிவைச் சொல்லுங்கள். நண்பர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டுத் தருவதற்காக எடுத்துச் சென்றவர் திருடினாரா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்பதோடு நின்றுவிடாமல், நண்பரின் மறைமுக இசைவு இருப்பதாக அவர் எண்ணியிருக்க வாய்ப்புண்டா, அப்படியானால் நேர்மையற்ற எண்ணம் எங்கே இருக்கிறது என்று வாதிட்டு எழுத வேண்டும். பிரிவு எண் நினைவுக்கு வராவிட்டால் விதியின் உள்ளடக்கத்தைச் சரியாக எழுதுங்கள். தவறான எண்ணை ஊகித்து எழுதுவதைவிட அது மேலானது.

வேலைக்குப் போகிறவர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை மூலச் சட்டத்துக்கும், ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரத்தை ஒரு தீர்ப்புக்கும் ஒதுக்கினால் ஓராண்டுப் பட்டயத்தைக் குறித்த காலத்தில் முடிக்க முடியும். நேரடி வகுப்புகள் அறிவிக்கப்பட்டால் தவறாமல் செல்லுங்கள். பாடத்துக்காக மட்டுமன்று, உடன் படிப்பவர்கள் இரண்டு மூன்று பேரின் கைப்பேசி எண்ணைப் பெற்றுக்கொள்வதற்காகவும். தேர்வு விண்ணப்பம் தானாக வராது. சேர்க்கை ஜனவரியில் இருந்தாலும் ஜூலையில் இருந்தாலும், ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு இணையத்தில் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அரையாண்டு போய்விடும். ஆகவே, சேர்ந்த அன்றே பல்கலைக்கழகத் தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தேர்வு விண்ணப்ப அறிவிப்பு வரும் பக்கத்தை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.